வாதமும் பிடிவாதமும்

என் அக்காவைக் கம்பத்துப் பக்கம் அத்தை மகனுக்குக் கொடுத்திருந்தோம். அத்தை அப்பாவின் கூடப்பிறந்தவள். முறை விட்டுப்போகக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்று கட்டிக்கொண்டு போனாள். மறுவருஷமே அக்காவுக்கு விடிந்ததும் விரல்கள் மடங்காமல் போயின. வெயில் ஏறினால்தான் மெல்லப் பிடி வரும். பால் செம்பு நழுவினால் மச்சான் அறைவார். சோறு குழைந்தால் மிதிப்பார். அத்தை கதவோரம் நின்று, "இது வாதமில்லடி, பிடிவாதம்" என்பாள். தெருவே அதைச் சொல்லிச் சிரித்தது.

திராட்சைக் கொடி வெட்டும் கவாத்துக்கு ஆள் போதவில்லை என்று தங்கச்சி என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். பந்தலுக்கடியில் அக்கா கத்தரிக்கோலை அழுத்த முடியாமல் நின்றாள். மச்சான் வந்து, கத்தரிக்கோலோடு அவளுடைய வீங்கிய கையைத் தன் கைக்குள் வைத்து நெரித்தார். "இப்ப மடங்குதுல்ல?"

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ஓடிவந்தார்கள். கீழே கிடந்த முட்டுக்கம்பை எடுத்து நான் அவர் முதுகில் போட்டேன். விழுந்த பிறகும் அடித்தேன். யாரும் பிடித்து இழுத்திராவிட்டால் கொன்றிருப்பேன்.

பேசித் தீர்க்கத் தேனிக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அத்தை, என் அம்மாவைக் கைகாட்டிப் பேசினாள். "இவ வழி ரத்தம் கெட்ட ரத்தம். மூத்தவ முடமாயிட்டா. இளையவளக் குடுங்க. ஆனா ரத்தம் பாத்துட்டுத்தான் கூட்டிட்டுப் போவேன்."

"உம்மகன அடிச்சவ இவ" என்றாள் அம்மா.

"அடிச்ச கைய அடக்க எம்மகனுக்குத் தெரியும்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை சொல்லுக்கு அவர் மறுசொல் சொன்னதே இல்லை.

ரத்தப் பரிசோதனைக்கு எங்கள் இருவரையும் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அத்தையும் மச்சானும் கூடவே வந்தார்கள். அக்காவின் ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, "ரத்தத்துல அழற்சி ரொம்ப ஏறியிருக்கு. இது முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே ஆள் தெரியாம சொந்த மூட்டை அடிக்குது" என்றார்.

அக்கா நிமிர்ந்தாள். "வீட்டுல வாங்குறது பத்தாதுன்னு உள்ளயுமா?"

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு மச்சானைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்தார்.

"இது ஆத்தா வழியில வந்ததுதானே? சின்னவளுக்கும் பாருங்க" என்றாள் அத்தை.

"அழற்சி சட்டுனு மூளுற வாகு சில குடும்பத்துல பிறவியிலேயே இருக்கும். எந்த வழியாவும் வரலாம். வாகு இருந்தும் சிலருக்கு நோய் வரவே வராது. வலியே இல்லாத பொண்ணுக்கு டெஸ்ட் எதுக்கு?" என்ற டாக்டரம்மா, சட்டென்று கேட்டார். "உங்க விரல் எப்போருந்து இப்படிக் கோணியிருக்கு?"

அத்தை கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "அது நாத்து நட்டுக் கோணுனது."

"எங்க அப்பாருக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார் அப்பா. "கடைசியில சோத்த நாங்கதான் ஊட்டிவிட்டோம்."

அத்தை முந்தானையைக் கையோடு இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முந்தானையை விலக்கி அந்த விரல்களை அங்கேயே ஒடிக்க வேண்டும் போல வெறியும் வந்தது.

தேனி பஸ் ஸ்டாண்டில் அப்பா எங்கள் இருவரையும் இறக்கிக்கொண்டார். "ரெண்டும் எங்கூட இருக்கட்டும்" என்றார். என்னைப் பெண் கேட்ட பேச்சை அத்தை எடுக்கவே இல்லை. மச்சான் கம்பம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் விரல்களை மடக்கி விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "ஏலே, சும்மா கெட." பஸ் கிளம்பும்போது மறுபடி மடக்கினார். சாகட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் விடியலில் முழிப்புத் தட்டியதும், போர்வைக்குள் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன். பக்கத்தில் படுத்திருந்த அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"மடங்குதா?"