மேட்டில் வைத்த செருப்புகள்

அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். மதுராந்தகத்துக்கு அந்தப்பக்கம் காட்டுப்பாதையில் ஜீப்பை மெதுவாக ஓட்டிப் போய், காய்ந்த ஓடை மணலில் நாங்கள் மூன்று பேரும் கூடாரம் அடித்துக்கொண்டிருந்த சாயங்காலம் அது. மேற்கே வானம் கறுத்திருந்தது. எங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு இல்லை.

ஏரி மதகைப் பார்த்துக்கொள்கிறவராம். காக்கி டவுசர், தோளில் மண்வெட்டி.

"எத்தினி பேரு?"

"மூணு பேர் அண்ணா."

"செருப்ப கயட்டிக் குடு."

பக்கத்தில் ஏதோ கோயில் இருக்கிறது என்று நினைத்துக் கொடுத்துவிட்டோம். அவர் அவற்றை மேட்டில் ஜோடி ஜோடியாக வைத்தார்.

"இங்க சாமி இருக்கா அண்ணா?" என்று கேட்டேன்.

"சாமியெல்லாம் இல்ல. ஏரி ரொம்பினா தண்ணி இதுலதான் வரும். காலையில எத்தினி பேர தேடணும்னு தெரிய வாணாமா?"

கிளம்புங்கள் என்று அவர் சொல்லவேயில்லை. நாங்களே கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு மேட்டில் ஏறினோம். அங்கே நான்கு ஜோடி செருப்பு இருந்தது. நான்காவது வெயிலில் வெளுத்து, பாதி மண்ணில் புதைந்திருந்தது. அதை ஒட்டித்தான் எங்களுடையதை வரிசையாக வைத்திருந்தார்.

"இது யாருது அண்ணா?"

"அது அங்கியேதான் கீது," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் எங்களை விரட்ட வந்தாரா, எண்ண வந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.