சுவருக்குள் கேட்ட குரல்

நம்பாதவர்கள் நம்பாமலே இருந்துவிட்டுப் போகட்டும். ஆம்பூரில் பட்டப்பகலில், ஆபீஸ் நிறைய ஆட்கள் இருக்கும்போது நடந்தது இது.

கடைத்தெருவுக்கு நடுவே நிற்கிற அந்த உயரமான கட்டடம் ஒரு தோல் கம்பெனி கட்டியது. கீழே ஷோரூம், நடுவில் ஷூ தைக்கும் யூனிட், உச்சியில் முதலாளிகள். கம்பெனி நொடித்த பிறகு பல வருடம் புறாக்கள்தான் குடியிருந்தன. அப்புறம் அரசாங்கம் வாங்கி, உள்ளே சில இடங்களில் சுவர் வைத்து அடைத்து, வெள்ளையடித்து, ஆபீஸ்களைக் கொண்டுவந்தது.

அக்தர் பானுவின் கணவர் சமீருல்லா அங்கே பேக்கிங் செக்‌ஷனில் இருந்தவர். ஒருநாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. அந்த வாரமே கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது அவருடைய அண்ணன் வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார். வாரிசுச் சான்றுக்காக அதே கட்டடத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள் பானு.

"இறந்ததுக்கு அத்தாட்சி இல்லாம தர முடியாதும்மா," என்றாள் கிளார்க் பூர்ணிமா. "நான் இன்னா பண்றது?"

பானு மாடிப்படியில் இறங்கினாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில், சுவருக்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

டொக்... டொக்...

புறா என்று நினைத்தாள். ஆனால் சுண்ணாம்பு வாசனைக்கு நடுவே பச்சைத் தோலின் வீச்சம் குப்பென்று அடித்தது.

"பானு..."

ஊரே அவளை அக்தர் என்றுதான் கூப்பிடும். பானு என்று கூப்பிடுபவர் அவள் கணவர் ஒருவர்தான்.

"நீங்களா?"

"கதவத் தொற. மூச்சு முட்டுது."

"கதவு இல்லீங்க... சுவருதான் இருக்குது!"

"கத்தாத... அவ முழிச்சுக்குவா."

உள்ளே ஏதோ நகர்ந்தது. மெதுவாக. தரையில் இழுபட்டு...

"முழிச்சுட்டா..."

அவ்வளவுதான்.

பானு சுவரில் அடித்த அடியில் உள்ளங்கை கிழிந்தது. ஆட்கள் ஓடிவந்தார்கள். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. பியூன் முஸம்மில் மட்டும் காதை வைத்துப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்துப் பின்வாங்கினார்.

மறுநாள் சுவரை இடித்தார்கள். பின்னால் பழைய சரக்கு லிஃப்ட் நின்றிருந்தது. அதன் மூலையில், உட்கார்ந்த வாக்கில், ஒரு எலும்புக்கூடு.

பானு அழவில்லை. மண்ணில் வைக்க ஓர் உடலாவது கிடைத்தது. சான்றும் கிடைக்கும்.

எலும்புகள் வேலூருக்குப் பரிசோதனைக்குப் போயின. முடிவு வந்த அன்று பூர்ணிமா அவளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"அது... பொம்பள எலும்பாம்மா. இந்தக் கட்டடம் கட்றதுக்கு ரொம்ப முன்னாடியே செத்துப்போனவங்களாம்."

"அப்போ அவரு?"

 படிக்கட்டுப் பக்கமிருந்து கொத்துக்கரண்டி உரசும் சத்தம் வந்தது. இடித்த சுவரை மறுபடியும் பூசிக்கொண்டிருந்தார்கள்.