வான்கோழிக் குஞ்சும் நீலக் கோலியும்

சோடாக்காரர் அழுத்தியதும் பாட்டிலுக்குள் கோலி சத்தத்தோடு இறங்கியது. பக்கத்தில் தோழி செல்வி புலம்பிக்கொண்டிருந்தாள்.

"வான்கோழிக் குஞ்சு வாங்கி ரெண்டு நாள் ஆவுது. தட்டு நெறைய தீனி, தண்ணி வெச்சிருக்கேன். தொடவே மாட்டேங்குதுங்க. காலையில ரெண்டு செத்துடுச்சு."

கீழ்பென்னாத்தூரில், எனக்கு ஒன்பது வயதில், அப்பா வாங்கி வந்த குஞ்சுகளும் அப்படித்தான் தீனிக்கு எதிரிலேயே நின்று பட்டினி கிடந்தன. நோய் என்று நினைத்து அப்பா மஞ்சள் தண்ணீர் வைத்தார். அதையும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றன. அன்று என்னோடு சண்டை போட்ட தங்கை, என் நீலக் கோலியை அந்தத் தண்ணீரில் எறிந்தாள். நான் கை நீட்டுவதற்குள் ஒரு குஞ்சு பளபளத்த கோலியைக் கொத்தியது. அலகு நனைந்தது. தலையைத் தூக்கித் திருதிருவென்று விழித்தது. மறுபடி கொத்தியது. கோலியை அது என்னவென்று நினைத்ததோ, இன்றும் எனக்குத் தெரியாது. உடனே தீனியிலும் ஒரு கோலி போட்டோம். அதைக் கொத்தக் கொத்த, தீனியும் உள்ளே போனது.

இதைச் சொன்னதும் செல்வி, "திங்கக்கூடத் தெரியாதா அதுங்களுக்கு?" என்றாள். பாதி சோடாவை அப்படியே வைத்துவிட்டுக் கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, ஒடைஞ்ச பாட்டில் கோலி ஏதாச்சும் இருக்குங்களா?"