சகலை கண்ட தாவல்

மாமனார் வீட்டில் அவர் பெரிய மாப்பிள்ளை. பட்டம் பேருக்குத்தான். மாமியார் வாயைத் திறந்தால் சின்ன மாப்பிள்ளை புராணம். இதில் கொடுமை என்னவென்றால், சகலைகள் இருவருக்கும் ஒரே ஆய்வகத்தில், எதிரெதிர் அறைகளில் வேலை. வீட்டில் எரிந்த வயிறு வேலைக்கு வந்தும் ஆற வழியில்லை.

பெரியவர் வாழ்நாளெல்லாம் ஒரே ஓர் அணுக்கருவோடு மல்லுக்கட்டியவர். சில கருக்கள் பந்துபோல உருண்டை, சில முட்டைபோல நீளம். இவருடையது நடுவில் நிற்கும் இரண்டுங்கெட்டான். அது உருண்டைதான், ஆற்றல் ஏறினால் இருந்த இடத்தில் நடுங்கும், அவ்வளவுதான் என்று இளவயதில் ஒரு கட்டுரை எழுதினார். நாலு பேர் அவரை அறிந்திருப்பது அதனால்தான். அப்படி நடுங்கும் கரு, ஏறிய ஆற்றலைக் காமா கதிராக விட்டுக்கொண்டு படிப்படியாகத்தான் இறங்கும். மேல்படியிலிருந்து தரைக்கு ஒரே தாவலாகத் தாவாது.

சின்னவர் அந்தத் தாவலைக் கண்டுபிடித்துவிட்டார். கதிர்களை அளக்கும் கருவியின் திரையில், அந்தத் தாவலுக்கு உரிய இடத்தில் ஒல்லியாக ஒரு கோடு. அது நிஜமானால் பெரியவரின் கட்டுரை குப்பைக்குப் போக வேண்டியதுதான். வேறு ஆளே கிடைக்காததுபோல, சரிபார்த்துக் கொடுங்கள் என்று அதை அவரிடமே கொண்டுவந்து நீட்டினார்.

பெரியவருக்கு வாயெல்லாம் பல். அடுத்தடுத்த இரண்டு படிகளின் கதிர்கள் ஒன்றாக வந்து விழுந்தால் கருவி ஏமாந்துவிடும். இரண்டையும் கூட்டி, தாவல் நடந்த மாதிரியே ஒரு போலிக் கோட்டைக் காட்டும். கண்டுபிடிப்பது சுலபம். கதிர் விடும் பொருளைக் கருவியிலிருந்து தள்ளி வைத்தால், இரண்டும் சேர்ந்து விழுவது அரிதாகி, போலி மட்டும் மற்றக் கோடுகளைவிட வேகமாகச் சரியும். மாட்டினான் பயல் என்று சந்தோஷமாகத் தள்ளி வைத்தார்.

கோடு மற்றவற்றோடு சேர்ந்து அதே அளவில்தான் குறைந்தது. இன்னும் தள்ளி வைத்தார். வெளிக்கதிர்களைத் தடுக்கும் ஈயக் கட்டிகளை மாற்றி அடுக்கினார். வேறு கருவியை வாங்கிவந்து பூட்டினார். கோடு அசைந்து கொடுக்கவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கோடு சரிந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சின்னவர் மறுபேச்சில்லாமல் நம்புவார். அந்த வார்த்தையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டுதான் எதிர் அறைக்குப் போனார். ஆனால் இத்தனை வருடம் அந்தக் கருவைப் பற்றி அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

"நிஜம்தான். நான்தான் தப்பு," என்றார்.

சின்னவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார்.

"மத்தவங்ககிட்ட குடுத்திருந்தா ஒரு தடவை பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லிருப்பாங்க. இது பொய்யா இருக்கணும்னு மனசார நெனச்சுக்கிட்டு பாக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான், சகலை. நீங்களே நிஜம்னு சொல்லிட்டா, இனிமே எவனும் வாயத் தொறக்க முடியாது."

அந்த ஆய்வகத்தில் இதுவரை யாரும் அவருக்கு இவ்வளவு பெரிய மரியாதை கொடுத்ததில்லை. அதைக் கொடுத்ததும் இவன்தானா என்று பெரியவருக்கு இன்னும் கொஞ்சம் வயிறு எரிந்தது.