தங்கப்பாண்டிக்குக் கல்யாணமே ஆகவில்லை

கீழக்குயில்குடியிலிருந்து டி. கல்லுப்பட்டி வரைக்கும் எந்த ஊரில் கல்யாணம் என்றாலும் பந்தல் தங்கப்பாண்டியுடையதாகத்தான் இருக்கும். தொழிலில் பங்குக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், கம்பு ஊன்றுவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. சொந்தக் கல்யாணம் என்று வந்தால் மட்டும் மனுசனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

முதல் கல்யாணம் தாய்மாமன் காளையின் மகள் தாமரைச்செல்வியோடு நடந்தது. இரண்டு பேருக்குமே அதில் விருப்பமில்லை என்பது ஊருக்கே தெரியும். அவனுடைய ஆத்தா ஒச்சாயி அத்தைக்கு மட்டும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அத்தை அதை ஒரு பொருட்டாக நினைத்திருக்க மாட்டார். கொஞ்ச காலம் இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். பிறகு மதுரைக் குடும்ப நீதிமன்றத்தில் மனமொத்து விவாகரத்து வாங்கிக்கொண்டார்கள். தீர்ப்பு வந்த கையோடு சேர்ந்து பரோட்டா சாப்பிடப் போனார்கள். அவர்கள் சிரித்துப் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு விண்ணரசி வந்தார். மதுரையில் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். விளையாட்டு விழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தோம். கம்பு ஒன்று சாய்வதைப் பார்த்து டீச்சர் விசில் ஊதினார். தங்கப்பாண்டி கம்பை விட்டுவிட்டு விசில் வந்த பக்கம் திரும்பினான். பந்தல் மொத்தமும் என் தலையில் விழுந்தது. காதல் அவனுக்கு, வீக்கம் எனக்கு.

பழகப் பழக டீச்சருக்கும் அவனைப் பிடித்துவிட்டது. ஆனால் அவர் கத்தோலிக்கர். கட்டினால் தேவாலயத்தில்தான் என்று சொல்லிவிட்டார். இவன் மதம் மாற வேண்டியதில்லை, அதற்குப் பிஷப்பிடம் அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்றார் அந்தத் தேவாலயத்துப் பங்குச்சாமியார். இவ்வளவுதானா என்று துள்ளிக் குதித்த தங்கப்பாண்டி, கோர்ட்டுத் தீர்ப்பையும் எடுத்து மேசையில் வைத்தான். சாமியார் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இது அரசாங்கத்துக்குப் போதும்பா. கல்யாணம் இருந்துச்சு, இன்னையோட முடிஞ்சுதுன்னு கோர்ட்டு சொல்லுது. திருச்சபை அப்படி முடிச்சு வைக்காது. உங்க முறைப்படி நீங்க கட்டுன தாலி எங்களுக்கும் கல்யாணந்தான். அது தொடக்கத்துலயே செல்லாத கல்யாணம்னு எங்க தீர்ப்பாயம் விசாரிச்சுச் சொன்னாத்தான் இங்க மறுபடி கட்டலாம்."

"அப்ப கோர்ட்டுக் காகிதத்தைத் தூக்கிப் போட்டுறலாமா ஃபாதர்?" என்று கேட்டேன்.

"போட்டுறாதீங்க! அது இல்லாம நாங்க மனுவையே வாங்க மாட்டோம். எங்க தீர்ப்பை மட்டும் கொண்டுபோனா சர்க்கார்ல எடுபடாது. ரெண்டும் வேணும்."

விசயத்தைக் கேட்டு ஒச்சாயி அத்தைக்கு ஒரே பெருமை. "பாத்தியாடா! நான் பண்ணி வச்ச கல்யாணத்தைக் கோர்ட்டு மதிக்கல. அந்தச் சாமி மதிக்குறாரு!" கொஞ்ச நேரத்தில் முகம் மாறியது. டீச்சரை அவருக்கும் ரொம்பப் பிடித்திருந்தது. "அதுக்காக, செல்லாதுன்னு எப்படிடா சொல்றது? ஊரே ஒக்காந்து கறிச்சோறு தின்னுச்சே!"

தீர்ப்பாயத்துக்குக் கறிச்சோறு முக்கியமில்லை. தாலி ஏறிய நேரத்தில் சம்மதம் இருந்ததா என்பது ஒன்றுதான் கேள்வி. தங்கப்பாண்டியும் தாமரைச்செல்வியும் தனித்தனியாகப் போய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குக் கூட இருந்தவர்களும் வந்து சொல்ல வேண்டும். காளை மாமாவையும் ஒச்சாயி அத்தையையும் கூப்பிட்டிருந்தார்கள்.

என்ன பேச வேண்டும் என்று இருவருக்கும் சொல்லிக்கொடுக்க நான் தயாராகத்தான் இருந்தேன். டீச்சர் விடவில்லை. "யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. உண்மையைச் சொல்லி நடந்தா நடக்கட்டும். இல்லாட்டி அவங்கவங்க வீட்டுல இருப்போம்." கழுத்தில் விசில் தொங்கியது. நான் ஒதுங்கிக்கொண்டேன்.

விசாரணை நாளில் பந்தல் சாமான் ஏற்றும் குட்டியானை வண்டியில் கிளம்பினோம். கோரிப்பாளையம் சிக்னலில் நின்று நின்று தீர்ப்பாயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் வேப்பமரத்தடியில் காத்திருந்தார். முதலில் காளை மாமா உள்ளே போனார். மீசையை முறுக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

"கவலைய விடு மாப்ள. உன்னைப் பத்தி ஒசத்தியாச் சொல்லிட்டேன். எம்மகளுக்குச் சிரிச்ச முகமாத் தாலி கட்டுனான், அவனுக்குப் பொண்ணு குடுக்க யோசிக்கவே வேணாம்னுட்டேன்."

எங்கள் பக்கம் பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை எப்படி என்று டீக்கடையில் விசாரிப்பார்கள். கேட்கிறவரிடம் ஒரு சொல் குறைத்துச் சொன்னாலும் பாவம். மாமா இதையும் அப்படித்தான் நினைத்துவிட்டார். மகளைக் கட்டிப் பிரிந்தவனுக்கே இப்படி நற்சான்று கொடுக்கிற மாமனார் உலகத்தில் எங்கே கிடைப்பார்? எனக்கு வந்த கோபத்தில் அவரைத் தூக்கி வைகையில் போட்டிருப்பேன். அதில் தண்ணீர் இல்லை.

தங்கப்பாண்டி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "எங்கண்ணன் என்னத்தைச் சொன்னாரு, நான் சொல்றேன் பாரு" என்று கொண்டையை முடிந்துகொண்டு அத்தை உள்ளே போனார்.

ஒச்சாயி அத்தைக்கு மெல்லப் பேசத் தெரியாது. ஜன்னல் வேறு திறந்திருந்தது.

"உங்க மகன் மனசு ஒப்பித்தான் தாலி கட்டுனாராம்மா?"

"ஆத்தா பேச்சைத் தட்டமாட்டான் சாமி! கல்யாணத்துக்கு ரெண்டு நா இருக்கும்போது கல்லுப்பட்டிக்கு ஓடிப்போனான். நானே போயி டிராக்டர்ல ஏத்திக்கிட்டு வந்தேன். வேற பிள்ளையா இருந்தா வழியில குதிச்சிருக்கும். எம்பிள்ளை குதிக்கலயே!"

தங்கப்பாண்டி தலையிலிருந்து கையை எடுத்தான்.

"அப்புறம்?"

"பேன்ட்டு, செல்லு, பைக்குச் சாவி எல்லாத்தையும் பீரோவுல வச்சுப் பூட்டுனேன். நீ தாலி கட்டுற வரைக்கும் எம்பல்லுல பச்சத்தண்ணி படாதுன்னுட்டேன். மறுநா மயங்கி விழுந்தேன். அதுக்கப்புறம் ஒத்த வார்த்தை எதுத்துப் பேசல. அம்புட்டுத் தங்கம்!"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாமா ஒன்றும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"தாலி கட்டும்போது எப்படியிருந்தாரு?"

"கை வெடவெடன்னு ஆடுச்சு. தாலியப் பிடிச்சபடியே ஒக்காந்துட்டான். மொத முடிச்சு மாப்பிள்ளை போடணும், மத்த ரெண்டை நாத்தனா போடும். எனக்குப் பொம்பளப்பிள்ளை இல்லையா, ரெண்டும் எம்பொறுப்பு. நேரமாகுதேன்னு பின்னால இருந்து வாங்கி மூணையும் நானே போட்டுட்டேன். வீடியோக்காரனே கவனிக்கல!"

விசாரித்த சாமியார் மெதுவாகக் கேட்டார். "அவரு ஒரு முடிச்சுகூடப் போடலையாம்மா?"

"இல்ல சாமி." அத்தையின் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதே இல்லை. "சந்தோசத்துல கை ஆடுதுன்னுதான் நெனச்சேன். இப்ப வாய்விட்டுச் சொல்லும்போதுதான் தெரியுது. எம்பிள்ளை பயந்துபோயி இருந்திருக்கான்."

வெளியே வந்தவர் நேராக மகனிடம் போய்ச் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?"

"டிராக்டர்ல வரும்போது பூராச் சொல்லிக்கிட்டேதான ஆத்தா வந்தேன்."

அத்தை அழுதார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. எங்களுக்கும் அப்படித்தான்.

சில மாதங்கள் கழித்து, அந்தக் கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. "மச்சான், நமக்குக் கல்யாணமே ஆகலையாம்ல, வாழ்த்துகள்!" என்று தாமரைச்செல்வி போன் போட்டுச் சிரித்தது. "அப்ப நான் மாமனாரே இல்லையா?" என்று காளை மாமா மட்டும் வருத்தப்பட்டார். தாய்மாமன் உறவை எந்தத் தீர்ப்பும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லித் தேற்றினேன். சர்க்காருக்கு விவாகரத்தானவன், திருச்சபைக்குப் புது மாப்பிள்ளை என்று இரண்டு காகிதத்தையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தங்கப்பாண்டி தரையில் கால் பாவாமல் திரிந்தான்.

தேவாலய வாசலில் எங்கள் பந்தல்தான். முழு மனதோடு வந்திருக்கிறீர்களா என்று சாமியார் கேட்டு முடிப்பதற்குள் "ஆமா சாமி!" என்று கத்தினான். கூட்டம் சிரித்து அடங்க நேரமாயிற்று. தாலியைக் கையில் வாங்கியதும் அவன் விரல்கள் மறுபடி நடுங்கின. எல்லோரும் முதல் வரிசையைத் திரும்பிப் பார்த்தோம். ஒச்சாயி அத்தை பழக்கதோசத்தில் பாதி எழுந்திருந்தார். சட்டென்று உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"நீயே போடுடா. எம்புட்டு நேரமானாலும் இருக்கோம்."

தங்கப்பாண்டி சிரித்துக்கொண்டே தன் முதல் முடிச்சைப் போட்டான்.