எழும்புங்கோ, மண் சரியப்போகுது

நித்திரையில் கிடப்பவரைத் தொலைபேசியில் எழுப்பி, வீட்டை விட்டு ஓடு என்று சொல்வதுதான் எங்கள் தொழில். சம்பளம் கிடையாது, பேச்சு வாங்கலாம்.

கனடாவில், டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கி ஓய்வு பெற்றவன் நான். இப்போது கோட்-டெ-நெய்ஜில் ஒரு மாதா கோயில் மண்டபத்துக் கீழறையில் நாங்கள் ஏழு பேர். இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். சரிவிலே தொழிலாளரின் லயத்து வீடுகள், ஒட்டி ஒட்டி வரிசையாக. அங்கே ஓர் ஆசிரியர் மழைமானி பார்க்கிறார். தண்ணீர் கோட்டைத் தாண்டினால் எங்களுக்கு வட்ஸ்அப்பில் ஒரே சொல்: "சிவப்பு". அங்கே நடுச்சாமம். ஒற்றை ஆளாக ஓடி எல்லாக் கதவையும் தட்ட அவரால் முடியாது. இங்கே பின்னேரம், நாங்கள் முழிப்பு. ஆளுக்குப் பத்து வீடு. எழுப்பித் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவேண்டும்.

என் பட்டியலில் கடைசிப் பெயர் சரஸ்வதி. கொழுந்து பறிக்கிறவள். கணவன் கொழும்பில், இரண்டு பிள்ளைகள். மண் வந்தால் முதலில் அவள் வீடுதான். உங்களிலும் ஊருக்குப் போன் எடுத்து ஆட்களை அசைக்கப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு விளங்கும்.

அன்பான மக்களே

முதல்நாள், குழு எழுதித் தந்த தாளை வாசித்தேன். "அன்பான மக்களே, சீரற்ற காலநிலை காரணமாக…" பாதியில் போனை வைத்துவிட்டார். ஆறுமுகம் என்றொருவர். தாளை எறிந்துவிட்டுத் திரும்பப் போன் எடுத்தேன். "ஐயா, மண் சரியப்போகுது. பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ." எங்கிருந்து என்று கேட்டார். கனடா என்றேன். எழும்பிச் சட்டை தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்:

"மழை பெய்யுதுன்னு கனடாவுல இருந்தா சொல்றீங்க? எங்க கூரைத் தகரமே சொல்லுதே, ஐயா."

ஒன்பது நிமிடம்

பிலோமினாக்கா மன்னார்க்காரி. எங்கள் ஏழு பேரில் நல்ல மனுசி, அதுதான் கரைச்சல். சுகம் கேட்காமல் காரியம் சொல்ல அவவுக்கு வராது. சுகமோ, சாப்பிட்டதோ, பிள்ளைகள் என்ன படிக்கினம். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு வீட்டுக்கு ஒன்பது நிமிடம். "அக்கா, மலை வரப்போகுது, நீங்கள் என்ன கறி எண்டு கேட்கிறியள்!" என்று கத்தினேன். அவ போனைக் கையால் பொத்தினா.

"நீ எடுத்த பத்திலை நாலு பேர் வைச்சிட்டினம், தம்பி. நான் எடுத்த ஒருத்தரும் வைக்கேல்லை."

பஸ்ஸில்

சிவப்பு நாங்கள் கீழறையில் இருக்கிற நேரம் பார்த்து வராது. ஒருநாள் டவுன்டவுனில் பல்லைப் பிடுங்கிவிட்டுத் திரும்பும்போது வந்தது. வாய் பாதி விறைப்பு. பஸ்ஸில் இருந்தபடியே தொடங்கினேன். மறுமுனையில் இருந்தவருக்குக் கேட்கவில்லை. "எழும்புங்கோ! சாமானை விடுங்கோ! வெளியிலை ஓடுங்கோ!" என்று கத்தினேன். பிரெஞ்சுக்காரர் ஒருவரும் அசையவில்லை. பின் இருக்கையில் ஆஸ்பத்திரிச் சீருடையோடு தூங்கிக்கொண்டிருந்த எங்கடை ஆள் ஒருவர் துள்ளி எழும்பி மணியை இழுத்தார்.

"அண்ணை, எந்தக் கதவாலை?"

பன்

ஒருமுறை ஒத்திகை வைத்தோம். பள்ளிக்கூடத்துக்கு வந்த எல்லாருக்கும் பன்னும் தேநீரும். நல்ல எண்ணம்தான். அடுத்த சிவப்புக்கு நான் எழுப்பிய முதல் ஆள் நிதானமாகக் கேட்டார்:

"பன் இருக்கா, இல்ல நெசமாவே மண்ணா?"

அரைப் பேர்

சரஸ்வதி முதல் இரண்டு தரமும் சொன்ன உடனே போனாள். இரண்டு தரமும் ஒன்றும் சரியவில்லை. விடியப் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி, பிள்ளைகளுக்குச் சமைத்து, கொழுந்துக்குப் பிந்திப் போனால் அரைப் பேர்தான் போடுவார்கள். அதாவது அரை நாள் கூலி. பட்டியல் போட்ட எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. யாரும் கேட்கவுமில்லை.

மூன்றாம் தரம் எடுத்தபோது அவள் போகவில்லை, கோபப்படவுமில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அன்றும் மண் வரவில்லை. அதற்குச் சந்தோஷப்படவும் எனக்கு முடியவில்லை, ஏனென்றால் அவள் சொன்னது இது:

"மண்ணு வந்தா ஒரு நாள்தான் சாவோம், ஐயா. பேர் வெட்டினா வாரம் பூரா சாவணும்."

பார்வதி

நாலாம் தரம் ஆசிரியர் "சிவப்பு" என்று மூன்று முறை எழுதியிருந்தார். ஒன்பது வீடு எழும்பிவிட்டது. சரஸ்வதி எடுக்கவில்லை. பன்னிரண்டு தரம் அடித்தேன். எடுத்ததும், நான் வாய் திறக்குமுன், "போகலைங்க, ஐயா" என்றாள்.

பிலோமினாக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றா. என் வாயில் எங்கிருந்து வந்ததோ தெரியாது. "உன்னைப் போகச் சொல்ல எடுக்கேல்லை, பிள்ளை. பக்கத்து வீட்டுப் பார்வதி பள்ளிக்கூடப் படியிலை விழுந்து கிடக்கிறாவாம். தூக்க ஆளில்லை. பிள்ளையளைத் தனிய விட்டிட்டுப் போகாதை" என்றேன். முழுப் பொய். "ஐயோ" என்றாள். பிள்ளைகளை எழுப்புகிற சத்தம் கேட்டது. போன் துண்டிக்கப்பட்டது.

இங்கே இரவு எட்டரை மணிக்கு, அங்கே விடிகிற நேரம், ஆசிரியர் அனுப்பிய படம் வந்தது. சரஸ்வதியின் குசினி இருந்த இடத்தில் மண், முன்னறைக் கதவு மட்டும் நின்றது. ஆட்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில்.

அடுத்த நாள் ஆசிரியரின் போனில் அவளே எடுத்தாள். அடுப்பு போயிற்று, பிள்ளைகளின் புத்தகங்கள் போயின என்று அழுதாள். அழட்டும் என்று இருந்தேன். பேந்து, பொய் சொன்னதற்கு மன்னிக்கச் சொன்னேன். மூக்கை உறிஞ்சினாள்.

"பார்வதிக்கா எனக்கு முன்னாடியே வந்து உள்ளுக்கு உட்கார்ந்திருந்திச்சு. அடுத்த தடவைக்கு வேற பொய் யோசிச்சு வைங்க, ஐயா, இது இனிமே செல்லாது."

மழைக்கு ஓடின நாளில் பேர் வெட்டமாட்டோம் என்று தோட்ட நிர்வாகம் எழுதித் தரும்வரை, நானும் பிலோமினாக்காவும் இந்த வயதில் கீழறையில் குந்தியிருந்து பொய் யோசிக்கிறோம்.