பட்டியலில் இல்லாத வாசனை

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச் சாரியில் உள்ள ஜெராக்ஸ் கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பவள் திரௌபதி. திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிற கூட்டத்துக்கு இருபது வருடமாக அவள்தான் மனு டைப் அடித்துக் கொடுக்கிறாள். தம்பி வரப்பை வெட்டிவிட்டான், பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையைத் திருப்பிவிட்டான், மருமகள் சோறு போடவில்லை. இப்படி நாள் முழுக்க அடுத்தவர் புகாரை அடித்துக்கொண்டிருப்பவளுக்கு மனிதர்கள் மேல் எவ்வளவு மரியாதை மிஞ்சும்? திரௌபதிக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். "அழுதுகினே சொன்னா உண்மை ஆயிடுமா? சர்வே நம்பர் இன்னா, அதச் சொல்லுங்க" என்பாள்.

ஆனால் ஒரு நல்ல வழக்கம் அவளிடம் உண்டு. பிரிண்ட் போடும் முன் மனுவை ஒருமுறை வாசித்துக் காட்டி, "இவ்ளோதானா, வேற ஒண்ணும் இல்லியே?" என்று கேட்காமல் விடமாட்டாள். அப்புறம் வந்து அதை விட்டுட்டேன், இதை விட்டுட்டேன் என்று எவனும் மூக்கைச் சிந்தக் கூடாது.

போன மாசியில் அவளிடம் ஒரு சென்ட் பாட்டில் வந்து சேர்ந்தது. ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் விசாவுக்கு ஏதோ கடிதம் அடிக்க வந்தாள். அவள் மேலிருந்து வந்த வாசனை என்னவென்று திரௌபதி வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். ஊருக்குக் கிளம்பும் நாளில் அந்த அம்மாள் பாதி பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, தனக்குத் தெரிந்த தமிழில், "குளிர் வந்தா போடு. வெயில் வேணாம்" என்றாள்.

சொன்ன பேச்சைக் கேட்கிறவளா திரௌபதி? பங்குனி வெயிலில் போட்டுப் பார்த்தாள். அடிபிடித்த பாயசத்தைத் தலையில் கொட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ஆட்டோக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அவளுக்கே தலைவலி வந்தது. பீரோவில் துணிக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

ஐப்பசி மழை விட்டு, மலை உச்சியில் பனி இறங்கத் தொடங்கியபோது திரும்ப எடுத்தாள். கழுத்தில் இரண்டு சொட்டுதான். முதலில் ஆரஞ்சுத் தோல் உரித்த வாசனை. கால் மணி நேரத்தில் பட்டையும் கிராம்பும். பஸ் ஏறி உட்கார்ந்தபோது ஒன்றுமே இல்லாததுபோல அடங்கிவிட்டது. மத்தியானத்துக்கு மேல் சால்வையை இழுத்துப் போர்த்தினாள். உள்ளேயிருந்து சாம்பிராணியும் வெல்லமும் கலந்த மாதிரி ஒரு சூடு மெல்ல மேலே வந்தது. யாரோ பின்னால் நின்று தோளில் கை வைத்ததுபோல இருந்தது. ஒன்பது வருடமாக அவள் தோளில் யாரும் கை வைத்ததில்லை.

கணவன் இறந்து ஒன்பது வருடம். கருமாதியன்று ஓரகத்தி வெள்ளையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, இனி எதெல்லாம் கூடாது என்று விரல்விட்டுச் சொன்னாள். பூ கூடாது, மஞ்சள் கூடாது, குங்குமம் கூடாது, கண்ணாடி வளையல் கூடாது, நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது. துக்கத்தில் இருந்தவளுக்கு அந்தப் பட்டியல் அட்சரம் பிசகாமல் மனதில் பதிந்துபோனது. அதில் சென்ட் இல்லை. சட்டம் போட்டவர்களின் புத்தி மல்லிகைப் பூவோடு நின்றுவிட்டது, பாவம்.

தீபம் முடிந்த மறுநாள் அதே வெள்ளையம்மாள் கடைக்கே வந்தாள். வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் கழுத்தில் அரை டப்பா பவுடர் திட்டுத் திட்டாகக் கிடந்தது வேறு விஷயம்.

"இன்னாடி, கடையே மணக்குது?"

"குளிர்காலம்க்கா. இப்பதான் போடணும்."

"நம்ம கவிநிலாவுக்கு வளைகாப்பு வருது இல்ல. நீ வா, வேணாம்னு யாரு சொன்னது. பின்னால நின்னு சாப்பாட்டப் பாத்துக்க. தாய் ஸ்தானத்துல மொத சந்தனம் நான் வெச்சிடறேன். ஆனா இந்த சென்ட்டு போட்டுகினு வராத. புருசன் இல்லாதவ இப்படி மணந்தா சம்பந்தி வீட்ல இன்னா நெனப்பாங்க? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். "நீங்க அன்னிக்குச் சொன்னதுல சென்ட்டு இல்லியேக்கா" என்றாள் திரௌபதி.

"அன்னிக்கு நீ போடல. அதான் சொல்லல."

இந்த நியாயத்துக்கு எந்தக் கோர்ட்டில் போய் மேல்முறையீடு செய்வது? திரௌபதி தலையாட்டினாள். வலித்தது. கவிநிலா அவளுக்கு ஒரே மகள். மனு அடித்து மனு அடித்து விரல் தேய்ந்துதான் அவளைப் பட்டதாரியாக்கிக் கல்யாணமும் செய்துவைத்தாள். ஏழு மாத வயிற்றோடு உட்காரப் போகிற அந்தப் பிள்ளையின் கன்னத்தில் தன் கை ஒருமுறை பட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காகச் சண்டை போட்டால் புகுந்த வீட்டில் பேச்சு வாங்கப் போவது மகள். அதனால் வாயை மூடிக்கொண்டாள். அழவில்லை. இவள் முன்னால் அழுவதற்கு அவளென்ன மனு கொடுக்கவா வந்திருக்கிறாள்?

வளைகாப்பன்று காலையில் நல்ல பனி. சொன்னபடியே சென்ட் போடாமல் போனாள். பாட்டில் மட்டும் கைப்பையில் இருந்தது.

சின்ன மண்டபம். புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் என்று அண்டாக்களுக்குப் பக்கத்தில் திரௌபதி நின்றாள். முன்னால் வெள்ளையம்மாள், பெற்றவள் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு முதல் சந்தனம் பூசினாள். சந்தனமாம். பாக்கெட் பொடியைப் பன்னீரில் குழைத்தது. பிறகு ஒவ்வொரு சுமங்கலியாக வந்து பூசி, குங்குமம் வைத்து, வளையல் போட்டார்கள். அதில் இரண்டு பேர் புருஷன் மேலேயே புகார் மனு அடிக்க இவளிடம் வந்தவர்கள். அவர்கள் கை ராசியான கை.

"எல்லாரும் வெச்சாச்சா?" என்று சம்பந்தியம்மாள் பாஞ்சாலை கேட்டாள்.

"ஆச்சு, ஆச்சு" என்றாள் வெள்ளையம்மாள்.

"எங்கம்மா வெக்கல" என்றாள் கவிநிலா.

வெள்ளையம்மாள் குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற ரகசியக் குரலில் சொன்னாள்: "அம்மா வெக்கக் கூடாதும்மா. சந்தனம், குங்குமம், வளையல் மூணும் கூடாது."

திரௌபதி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "மூணுதானக்கா?"

"மூணுதான்."

"வேற ஒண்ணும் இல்லியே?"

"வேற இன்னாடி இருக்குது?"

திரௌபதி கைப்பையைத் திறந்து பாட்டிலை எடுத்தாள். தன் விரல் நுனியில் ஒரு சொட்டுத் தெளித்து, மகளின் காதுக்குக் கீழே, சந்தனம் படாத இடமாகப் பார்த்துத் தடவினாள். பிறகு இந்தக் கன்னத்தில், பிறகு அந்தக் கன்னத்தில்.

"ஏய், சென்ட்டு வேணாம்னு சொன்னேன் இல்ல" என்றாள் வெள்ளையம்மாள்.

"என்னைப் போட வேணாம்னீங்க. நான் போடல. மோந்து பாருங்க."

கவிநிலா இரண்டு கையையும் நீட்டி, வளையல் குலுங்க அம்மாவின் கழுத்தைக் கட்டி, கன்னத்தைக் கன்னத்தோடு வைத்து அழுத்திக்கொண்டாள். சட்டம் மீறாமலேயே திரௌபதிமேலும் வாசனை ஏறிவிட்டது.

பாஞ்சாலைதான் முதலில் கிட்டே வந்தாள். "நல்லா இருக்குதே சம்பந்தி, எனக்கும் கொஞ்சம் வெய்யுங்க" என்று மணிக்கட்டைக் காட்டினாள். திரௌபதி வைத்துவிட்டாள். சம்பந்தியே காட்டிவிட்டாள் என்றதும் மற்றவர்களும் வந்தார்கள். சற்றுமுன் வளையல் போட்ட கைகள் எல்லாம் வரிசையாக நீண்டன. சாஸ்திரம் எந்தப் பக்கம் போனது என்று யாரும் தேடவில்லை.

கடைசியில் இன்னொரு கையும் நீண்டது. நிமிர்ந்து பார்த்தால் வெள்ளையம்மாள்.

திரௌபதி பாட்டிலை மூடிக் கைப்பையில் போட்டாள்.

"உங்களுக்கு வேணும்னா ஒரு மனு எழுதிக் குடுங்கக்கா" என்றாள். "திங்கக்கெழம பாக்கலாம்."